ஆட்டுக் காதுகளுக்கு நான் செய்த ஆயுத பூஜை

சோம்பேறித்தனத்தால் நான் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. மறதியால் செய்ததில்லை. குடித்துவிட்டுச் செய்ததில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய நாசத்தைக் குளித்து, விபூதி பூசி, வெறும் வயிற்றோடு, மிகுந்த பொறுப்போடு செய்தேன். பொறுப்பான ஆட்களைப் பார்த்து உலகம் போதுமான அளவு பயப்படுவதில்லை என்பது என் கருத்து.

கயல், முகில், இந்தக் கதை உங்களுக்குப் பாதி தெரியும். ஏகாம்பரம் மாமா சொல்லிச் சிரிக்கிற பாதி. மிச்சத்தை யாரும் உங்களிடம் சொன்னதில்லை. நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் கயல் திருத்திக்கொள்ளட்டும்.

நான் வேலை செய்த லேத்துப் பட்டறை மூடப்பட்ட பிறகு, அதே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேபில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஒரு பக்கம் ஸ்பிரிங் பட்டறை, இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டி கம்பெனி, நடுவில் முன்பு குடோனாக இருந்த ஒரே அறை. நடத்துகிறவர் நிர்மலா மேடம். சிவகங்கைப் பக்கத்துக்காரர். மாட்டு டாக்டருக்குப் படித்து, அதற்கு மேலும் படித்து, பெரிய இடத்து வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஆடு மாடுகளின் மரபணுவைப் பார்த்து, எது எதற்குச் சொந்தம், எதற்குள் என்ன நோய் ஒளிந்திருக்கிறது என்று சொல்கிற வேலை. பெரிய லேபில் அதற்கு ஆகிற செலவுக்கு இன்னொரு ஆடே வாங்கிவிடலாம். நாலு ஆடு வைத்திருப்பவருக்கும் கட்டுப்படியாகிற மாதிரி செய்து காட்டவேண்டும் என்பது மேடத்தின் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தை எங்கள் லேபில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்க்கலாம். எங்கள் ஃப்ரீசர், கடையை மூடிய ஐஸ்கிரீம் வியாபாரியிடமிருந்து வந்தது. மூடியில் கோன் ஐஸ் படம் அப்படியே இருக்கும். திறந்தால் உள்ளே ஆட்டுக் காது. (முகில், நீ ஒரு நாள் ஆசையாகத் திறந்து பார்த்துவிட்டு ஒரு வாரம் எந்த ஐஸும் கேட்கவில்லை.)

வேலை இதுதான். ஒரு துளி ரத்தமோ காது ஓரத்தில் ஒரு சின்னத் துண்டோ போதும். அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போட்டு, ஸ்பிரிட்டை மெல்ல ஊற்றினால் வெள்ளையாக நூல் நூலாக மேலே வரும். சர்க்கரைப் பாகு கம்பிப் பதத்துக்கு வருமே, அப்படி. முதல் தடவை பார்த்தபோது நான், "இவ்ளோதானா மேடம் உயிரு?" என்று கேட்டேன். "உயிர் இல்லண்ணே, உயிரோட சமையல் குறிப்பு" என்றார்.

அந்தக் குறிப்பில் நமக்கு வேண்டிய ஒரு வரியை மட்டும் ஒரு மெஷின் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி சூடாக்கி, ஆறவைத்து, எக்கச்சக்கமாக ஜெராக்ஸ் எடுக்கும். பிறகு கடல்பாசி ஜெல்லி மாதிரி ஒரு வில்லையில் அதை விட்டு கரண்ட் கொடுப்போம். சின்னத் துண்டு முன்னால் ஓடும், பெரிய துண்டு பின்னால் நகரும். (நம் வீட்டில் கல்யாணத்துக்குக் கிளம்புவது போல.) விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். அதைப் படிக்க வேண்டியதுதான். ஜெல்லி ஊற்றுகிற தட்டு நான் அக்ரிலிக் ஷீட்டை அறுத்து ஒட்டியது. முதல் தட்டு ஒழுகியது. இரண்டாவதும் ஒழுகியது. மூன்றாவதை மேடமே ஒட்டிக்கொண்டார்.

வேப்பம்பட்டில் உங்கள் மல்லிகா அத்தை, அதாவது என் அக்கா, ஆடு வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அவளிடம் மேனேஜர் என்று ஒரு கிடா இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வேலையும் செய்யாமல், எல்லாரையும் முறைத்துக்கொண்டு, நேரத்துக்குத் தின்றுகொண்டு நிற்கும். அதனால் அந்தப் பெயர். பார்க்க ராஜா மாதிரி இருந்ததால் அக்கம்பக்கத்து ஆடுகளுக்கும் அதுதான் மாப்பிள்ளை.

அந்த வருஷம் மேனேஜருக்குப் பிறந்த குட்டிகளில் சில எழுந்து நிற்கவில்லை. கண் நன்றாகத் திறந்திருக்கும். காம்பை வாயில் வைத்தால் குடிக்கும். ஆனால் நாலு காலையும் பரப்பிக்கொண்டு கிடக்கும், தலை மட்டும் ஓயாமல் நடுங்கும். அக்கா அதை மடியில் போட்டுப் புட்டிப் பால் கொடுப்பாள், காலைப் பிடித்துவிடுவாள். சில நாளில் போய்விடும். அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமா கடப்பாரையை எடுத்துக்கொண்டு பிளாட் எல்லைக் கல்லுக்குப் பின்னால் போய்க் குழி தோண்டுவார். தாய் ஆடு குட்டி கிடந்த இடத்தை முகர்ந்து முகர்ந்து கத்திக்கொண்டிருக்கும். தீவனம் என்றார்கள், காத்துக் கருப்பு என்றார்கள், கடைசியில் மல்லிகாவின் கைராசி என்றார்கள். வளர்ப்புக்கு அவளிடம் குட்டி வாங்குவதை ஊரே நிறுத்திவிட்டது.

நான்தான் மேடத்தை அழைத்துக்கொண்டு போனேன். உங்கள் அம்மாவும் நீங்களும்கூட வந்திருந்தீர்கள். மேடம் எல்லா ஆட்டையும் பார்த்துவிட்டு, யாருக்கு யார் தாய், யாருக்கு யார் தகப்பன் என்று விசாரித்துவிட்டு, அக்காவிடம் சொன்னார்:

"ஒவ்வொரு குறிப்பும் ரெண்டு காப்பி இருக்கும்க்கா. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. வீட்டுக்கு ரெண்டு சாவி மாதிரி வச்சுக்கோங்க. ஒரு சாவி உடைஞ்சாலும் இன்னொண்ணுல திறந்துக்கலாம், ஆட்டுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனா உடைஞ்ச சாவி வச்சிருக்கிற ரெண்டு ஆடு சேர்ந்தா, சில குட்டிக்கு ரெண்டுமே உடைஞ்சதா வந்துரும். அது நிக்காது."

"அத்தினி ஆட்டுக்கும் எப்டி மேடம் அதே சாவி ஒடையும்?"

"சொந்தத்துக்குள்ளயே சேர்த்தா அப்படித்தான்க்கா. இங்க இருக்கிறது பூரா மேனேஜருக்குத் தங்கச்சி, அத்தை மக, மாமன் மக..."

மேடம் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் என்னையும் உங்கள் அம்மாவையும் பார்த்தார்கள். உங்கள் அம்மா என் சொந்த மாமன் மகள்.

"இன்னா மேடம் இப்டி சொல்ட்ட? அப்போ எங்க ஊட்ல பாதி பேருக்குத் தல ஆடணுமே!" என்றாள் அக்கா.

"ஆடிகினுதான கீது" என்றார் மாமா. "உன் தம்பியாண்ட இன்னா வேணா கேட்டுப் பாரு. எல்லாத்துக்கும் ஆட்டுவான்."

நான் உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இருவரும் வைக்கோல் மேல் நின்று ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தீர்கள். நாலு கால்களும் அழுத்தமாக ஊன்றியிருந்தன. அன்று எனக்கு வந்த நிம்மதி உங்களுக்குப் புரிய இன்னும் வயதாகவேண்டும்.

அக்காவுக்குக் கவலை, மேனேஜருக்குப் பிறந்த ஆறு இளம் பெட்டைகளைப் பற்றி. அந்த ஆறை வைத்துத்தான் பட்டியைப் பெரிதாக்கவேண்டும் என்று புட்டிப் பால் கொடுத்து வளர்த்திருந்தாள். சிட்டு, ராணி, செல்வி, கருப்பி, இன்னும் இரண்டு.

"இதுங்க?" என்றாள்.

"சுமாரா பாதிக்கு உடைஞ்ச சாவி இருக்கும்க்கா. பாதி சுத்தம்."

"எந்தப் பாதி?"

"அதான் கண்டுபிடிக்கணும்."

வேறு கிடா பிடிக்கலாமா என்ற பேச்சு வந்தது. மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சுற்று வட்டாரத்தில் இருந்த கிடாக்கள் எல்லாம் மேனேஜரின் தம்பி, மகன், பேரன். எந்தச் சாவி உடைந்தது என்று தெரிந்து அதற்கு ஒரு டெஸ்ட் கிடைத்தால், அவற்றிலேயே நல்லதைப் பொறுக்கலாம். தெரியாதவரை எல்லாமே சந்தேகக் கேஸ்.

மாமா மேடத்திடம் முடிவாகச் சொன்னார்: "தீவாளி வரிக்கும் பாக்கறேன் மேடம். எது நல்லது எது கெட்டதுன்னு சொல்லிடு. இல்லாங்காட்டி ஆறையும் கறிக்கடைக்கு ஏத்தி வுட்ருவேன். சாவறதுக்குன்னே குட்டி போடற ஆட்ட வெச்சிகினு, வாராவாரம் குழி தோண்டிகினு இருக்க என்னால முடியாது."

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்காதீர்கள். குழி தோண்டிவிட்டு வந்த நாளில் அவர் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

வேலையை ஆரம்பித்தோம். ஆட்டின் குறிப்புப் புத்தகம் பெரியது. முழுவதையும் படிக்க எங்களுக்கு வசதி கிடையாது. மேடத்தின் வழி, முதலில் மாவட்டத்தைக் கண்டுபிடி, அப்புறம் தெருவை, அப்புறம் கதவை. புத்தகத்தில் அங்கங்கே சில அடையாளங்களை மட்டும் ஜெல்லியில் ஓட்டிப் பார்ப்போம். நிற்காத குட்டிகள் எல்லாம் எந்த இடத்தில் ஒரே மாதிரி இருந்து, நின்ற குட்டிகள் வேறு மாதிரி இருக்கின்றனவோ, அங்கேதான் உடைசல். ஆகவே செத்துப்போன ஒவ்வொரு குட்டியும் ஒரு சாட்சி. காது எடுக்காமல் புதைத்துவிட்டால் பிறகு தோண்டியெடுத்தும் பயன்படாத சாட்சி.

குட்டி போனதும் அக்கா போன் செய்வாள். நான் பிளாஸ்கில் ஐஸ் நிரப்பிக்கொண்டு ரயிலில் போய்க் காதின் துண்டை எடுத்துவருவேன். ஒரு முறை ஆவடியில் ஏறிய பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா நைனா, குல்ஃபியா?" என்றார். "இல்லீங்க, ஆட்டுக் காது" என்றேன். அந்தக் கூட்டத்திலும் அம்பத்தூர் வரை எனக்குக் கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தது.

மேடம் மாவட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தெருக்கள் இரண்டில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

மேடம் ஊருக்குக் கிளம்பும்போது சொன்னார்: "பூஜை நல்லா பண்ணுங்க சேகர்ண்ணே. மெஷின் மேல தண்ணி மட்டும் படாம பாத்துக்கோங்க." ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அதில் நான் இன்றைக்கும் பெருமையாக நெஞ்சை நிமிர்த்துவேன்.

உலர்ந்த துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். ஜெராக்ஸ் எடுக்கும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம். தராசுக்குச் சந்தனம், குங்குமம். மேடத்தின் நாற்காலிக்குச் சந்தனம், குங்குமம். ஃப்ரீசருக்குத்தான் முதல் மரியாதை. கோன் ஐஸ் படத்துக்குப் பட்டையாகச் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றினேன். அதன் காலடியில் ஒரு பொட்டலம் குங்குமத்தை அப்படியே குவித்து எலுமிச்சம்பழம் வைத்தேன். மூடியைத் திறந்து உள்ளேயும் கற்பூரத் தட்டைக் காட்டினேன். பொரி, கடலை, பழம் எல்லாம் படைத்து, "அக்கா ஆடு ஆறும் பொழைக்கணும், இந்தக் காதுங்கதான் பேசணும்" என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். வாசலில் பூசணிக்காய் உடைத்தேன்.

பிறகு, எங்கள் பழைய பட்டறையில் முதலாளி என்ன செய்வாரோ அதையும் செய்தேன். ஆயுத பூஜை முடிந்ததும் அவர் தன் கையாலேயே மெயின் ஸ்விட்சை இறக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வருஷம் பூரா உழைத்த மெஷினுக்கு அன்று ஓய்வு. மறுபடி நல்ல நேரம் பார்த்து ஏற்றுகிற வரை யாரும் எதையும் தொடக்கூடாது. முதலாளி செய்கிற அந்தக் காரியம் அன்று என் கைக்கு வந்திருந்தது. மெயினை இறக்கினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஃப்ரீசர் ஒரு முறை உடம்பைக் குலுக்கிவிட்டு அமைதியானது. பாவம், எவ்வளவு களைப்போ என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் விஜயதசமி. அதற்குப் பின்னாலேயே சனி, ஞாயிறு. ஓய்வு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்று ஷட்டரைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். (இரும்பு அழுகாது. பட்டறையிலேயே வளர்ந்தவனுக்கு அழுகுகிற பொருளைப் பற்றிய யோசனை வராது.)

திங்கட்கிழமை போனால் ஷட்டருக்கு அடியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஓடி, ரோட்டில் காய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டறை ஆட்கள் கூட்டமாக நிற்கிறார்கள். பாபு என்பவன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான்:

"அண்ணாத்தே, இன்னா உள்ள? யாரையாச்சும் போட்டு வெச்சிகினு கீறியா?"

"குங்குமம்ப்பா."

"குங்குமத்துக்கு இந்த நாத்தமா அடிக்கும்?"

ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே போய் நான் முதலில் செய்த காரியம் மெயினை ஏற்றியது. மறுபடி உறைந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஃப்ரீசர் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். நிற்காத குட்டிக்குக் கால் பிடித்துவிட்டவளின் தம்பிதானே நான்.

மேடம் ஊரிலிருந்து அதிரசம் கொண்டுவந்திருந்தார். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"எப்போ இறக்குனீங்க?"

"பூஜை முடிஞ்சதும், மேடம்."

"ஏண்ணே?"

"ஓய்வு குடுத்தேன், மேடம்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் சாயங்காலமே மறந்திருப்பேன். மூடியில் நான் இட்ட சந்தனப் பட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பண்ணிருக்கீங்க" என்றார். பிறகு அந்த அதிரச டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையில் கொடுத்தார். நான் அதை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நின்றேன்.

அழுகிய காதுகளிலிருந்து எதையாவது எடுக்க முடியுமா என்று மேடம் அந்த வாரம் முழுவதும் முயற்சி செய்தார். ஜெல்லியில் கோடு வரவேண்டிய இடத்தில் மழையில் கரைந்த கோலம் மாதிரி ஒரே தீற்றலாக வந்தது. சாட்சிகள் வாயைத் திறந்தார்கள். வார்த்தை வரவில்லை.

அக்காவிடம் தானே சொல்வதாக மேடம் சொன்னார். நானே போகிறேன் என்று சொல்லிவிட்டு வேப்பம்பட்டுக்கு ரயில் ஏறினேன். அன்று பிளாஸ்க் இல்லாமல் கை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அக்கா ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். மாமா அரை நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஊரு ஒலகத்துல ஆட்ட அறுத்துப் பூஜ போடுவான். நம்ம மச்சான் பூஜ போட்டே அறுத்துட்டான்யா!"

நீங்கள் கேட்டுச் சிரிக்கிற பாதி இத்துடன் முடிகிறது. மாமா இந்த இடத்தில்தான் எப்போதும் நிறுத்துவார்.

அக்கா தழையைக் கீழே வைக்கவில்லை. "எல்லா காதுமாடா?" என்றாள்.

"எல்லாம்க்கா."

"அந்த வெள்ளக் குட்டிதும்?"

வெள்ளைக் குட்டி அவள் மடியில் அதிக நாள் இருந்தது.

"அதுவும்தான்க்கா."

சரி என்பது போல ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டைக் கட்ட ஆரம்பித்தாள்.

வயதான பெட்டைகளில் ஒன்று மேனேஜருக்குச் சினையாக இருந்தது. அது பொங்கலை ஒட்டிக் குட்டி போடும். அதில் நிற்காத குட்டி ஒன்று பிறந்தால் வேலையைத் தொடரலாம். (அப்படிப் பிறக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, பிறக்கக்கூடாது என்றா? நான் அதற்கப்புறம் கொஞ்ச நாள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.) ஆனால் மாமா சொன்ன கெடு தீபாவளி. "பொங்கல் வரிக்குமா? அதுக்குள்ள இன்னும் எத்தினி குழி?" என்றார். அக்கா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் இறங்கி வந்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கறிக்கடைக்காரரின் மினி வேன் வந்து நின்றது. மேடமும் வந்திருந்தார். ஆறு பெட்டைகளின் காதிலும் ஊசியால் குத்தி, ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தத்தைத் தடித்த வடிகட்டித் தாளில் ஒற்றி, நிழலில் காயவைத்தார். காய்ந்துவிட்டால் அதற்குக் குளிர் தேவையில்லையாம். போகிற ஆட்டுக்கு எதற்கு என்று மாமா கேட்டார். மேடம் ஒவ்வொரு தாளிலும் அந்தந்த ஆட்டின் பெயரை எழுதினார்.

அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"நீ சொல்லுடா. லேபுல கீற இல்ல. எந்த ரெண்டு?"

ஆறும் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன. எல்லாம் திடமாக நின்றன. எல்லாம் பளபளவென்று இருந்தன. ஜெல்லியில் ஓட்டினால் தெரிவது கண்ணுக்கு எப்படித் தெரியும்?

"சிட்டு?" என்றாள் அக்கா. நான் தலையை ஆட்டினேன்.

"செல்வி?" அதற்கும் ஆட்டினேன்.

"ராணி?" அதற்கும்.

"அவன் எதுக்குத்தான் ஆட்ட மாட்டான்?" என்றார் மாமா. "ரெண்டுன்னா ரெண்டு, மல்லி. வண்டிக்காரன் நிக்கறான்."

அக்கா செல்வியையும் ராணியையும் மாறி மாறிப் பார்த்தாள். செல்வி லேசாக இருமிற்று. அவ்வளவுதான். அக்கா சிட்டுவையும் ராணியையும் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மற்ற நாலும் ஏறின. செல்வி, அக்கா எப்போதும் தழை கொடுக்கிற கையை வேன் கம்பிக்கு வெளியே தேடிக்கொண்டே போயிற்று.

பொங்கலுக்கு முன்பு ஒரு காலை அக்கா போன் செய்தாள். "ரெண்டு குட்டிடா. ஒண்ணு நிக்குது" என்றாள். மற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை.

இந்தத் தடவை நான் பிளாஸ்க் கொண்டுபோகவில்லை. சின்ன டப்பாவில் சமையல் உப்பு கொண்டுபோனேன். மேடம் அதற்குள் முறையை மாற்றிவிட்டார். காதுத் துண்டை நறுக்கி, கருவாடு போடுவது போல உப்பில் புதைத்துவிடவேண்டியது. ஐஸ் வேண்டாம், ஃப்ரீசர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். யார் எந்த ஸ்விட்சை இறக்கினாலும் ஒன்றும் ஆகாது. முதலில் நின்ற குட்டியிடம் எடுத்தேன். அது கத்தி ஊரைக் கூட்டியது. நிற்காத குட்டிக்குத் தலை நடுங்கிக்கொண்டே இருந்ததால் காது என் கைக்கு அகப்படவில்லை. அக்காதான் அதன் தலையைத் தன் முழங்காலோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் வெட்டினேன். அது கத்தவே இல்லை. அக்காவின் புடவை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு சாட்சி போதுமானதாக இருந்தது. தெரு உறுதியானது. அந்தத் தெருவில் சந்தேகமான ஒரே ஒரு கதவை மட்டும் மேடம் வெளியே பெரிய லேபுக்கு அனுப்பி எழுத்தெழுத்தாகப் படித்து வாங்கினார். அதில் ஒரு எழுத்து மாறியிருந்தது. ஒரே ஒரு எழுத்து! அதற்குப் பிறகு பெரிய லேப் தேவைப்படவில்லை. சரியான எழுத்து இருந்தால் மட்டும் வெட்டுகிற ஒரு மருந்து உண்டு. அதைப் போட்டு ஜெல்லியில் ஓட்டினால், நல்ல ஆட்டுக்கு இரண்டு கோடு, நிற்காத குட்டிக்கு ஒரு கோடு, உடைந்த சாவி ஒன்றை வைத்திருக்கும் ஆட்டுக்கு மூன்று கோடு. கயல், நீ அப்போது மூன்றாவது படித்தாய். உன்னிடம் காட்டினேன், தப்பில்லாமல் படித்துவிட்டாய்.

மேனேஜருக்கு மூன்று கோடு. பக்கத்துத் தெருவில் இருந்த அதன் தம்பிக்கு இரண்டே கோடு. அதாவது நல்ல கிடா கூப்பிடு தூரத்திலேயே இருந்திருக்கிறது. அதோடு சேர்த்தால் உடைந்த சாவி வைத்திருக்கிற பெட்டைக்கும் நிற்காத குட்டி பிறக்கவே பிறக்காது என்று மேடம் சொன்னார். நான் மெதுவாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படியானால் வேனில் போன நாலில் ஒன்றுகூடப் போயிருக்க வேண்டியதில்லை.

செய்தி சொல்லப் போனேன். மாமா, மேனேஜருக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிடலாம் என்றார். (காயடித்துவிட்டார்கள். அதன் பிறகும் அதன் வேலையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதே முறைப்பு, அதே தீனி.) அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"சிட்டு?"

"நல்லதுக்கா."

"ராணி?"

"ஒரு சாவி ஒடஞ்சது. ஆனா நல்ல கிடாவோட சேர்த்தா..."

"போனதுல?"

நான் சிட்டு நின்ற பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கேக்கறேன் இல்ல."

"கருப்பி நல்லது" என்றேன். "செல்வி நல்லது."

"செல்வியா?"

"ஆமாக்கா."

"அதையும் உன்ன கேட்டேன். நீ தலையாட்டுன" என்றாள். அதில் குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை. நடந்ததைச் சரிபார்த்துக்கொள்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு எழுந்து போய்ச் சிட்டுவுக்குத் தண்ணீர் வைத்தாள்.

இன்றைக்கு அக்காவின் பட்டியில் நிற்பதில் முக்கால்வாசி சிட்டுவின் வம்சம். எந்தக் குட்டி பிறந்தாலும் காது நுனி உப்பு டப்பாவில் அம்பத்தூருக்கு வந்துவிடும். நிற்காத குட்டி அதற்கப்புறம் பிறக்கவில்லை. திருநின்றவூர், திருவள்ளூர்ப் பக்கமிருந்தெல்லாம் ஆட்டுக்காரர்கள் உப்பு டப்பாவோடு எங்கள் லேபுக்கு வருகிறார்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு மேடம் அந்த உப்பு முறையைச் சொல்லித்தரும்போது, "இதுக்குப் பேரு சேகர் முறை" என்பார். அவர்கள் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்து வணக்கம் வைப்பார்கள். நானும் திருப்பி வைத்துவிடுவேன்.

தீபாவளியன்று காலையில் நாம் அக்கா வீட்டில் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட உட்காரும்போது நடப்பது உங்களுக்கே தெரியும். மாமா என் தட்டைப் பார்த்து, "மச்சான், அவசரப்படாத. அது நல்ல ஆடா கெட்ட ஆடான்னு டெஸ்ட் எட்த்துட்டு அப்பால துன்னு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். மாமா அதைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டார். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு அக்கா வந்து, என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

"நல்ல ஆடுதான்டா" என்பாள். "துன்னு."